பூட்டிய வீட்டுக்கு வாக்கு உண்டா?

ஜொகூரில் வீடு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை மதிப்பீட்டு வரிச் சீட்டு வருகிறது. முதல் தவணைக்குப் பிப்ரவரி கடைசி, அடுத்ததற்கு ஆகஸ்டு கடைசி. வீட்டில் ஆள் இருக்கிறாரா, வீடு பூட்டிக் கிடக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சீட்டுக்குக் கணக்கில்லை. கட்டாமல் விட்டால் அபராதம் ஏறும். அதற்கும் அசையாவிட்டால் வீட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்யும் ஆணை வரைக்கும் போக ஊராட்சி மன்றத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு குளுவாங்கில் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டைக் காப்பவர், சிங்கப்பூரில் சம்பாதித்து ஜொகூர் பாருவில் ஒரு கொண்டோ வாங்கிப் போட்டவர், ஓய்வுக் காலத்துக்கென்று இஸ்கண்டார் புத்திரியில் கடலைப் பார்த்த அடுக்குமாடியில் பணம் போட்டவர் என எல்லாரும் கட்டுகிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் காசை வாங்கிக்கொள்ளும் ஊர், அதை எப்படிச் செலவிடுவது என்று என்னை ஏன் கேட்பதில்லை?

உலகின் பல ஊர்கள் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்திருக்கின்றன. சில, வெளியூரில் வாழும் வீட்டுக்காரருக்கும் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குரிமை தந்தன, சில மறுத்தன, சில கொடுத்துவிட்டுப் பறித்தன. ஜொகூரில் பேச்சைத் தொடங்கும் முன்பே ஒரு பெரிய தடை குறுக்கே நிற்கிறது. இங்கே வெளியூர்க்காரருக்கு மட்டும் உள்ளாட்சி வாக்கு மறுக்கப்படவில்லை. அந்தத் தாமானிலேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்று, அங்கேயே முதுமை அடைந்தவருக்கும் அது கிடையாது. ஜொகூர் பாரு மாநகர் மன்றமும் இஸ்கண்டார் புத்திரி மாநகர் மன்றமும் பாசிர் கூடாங் மாநகர் மன்றமும் மாநில அரசு நியமிக்கும் உறுப்பினர்களால் நடப்பவை. டத்தோ பண்டாரையும் மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. மலாயாவின் உள்ளாட்சி வாக்கு வரி கட்டுவோரின் வாக்காகத்தான் தொடங்கியது. 1857இல் ஜார்ஜ்டவுனில் நகராண்மைக்குத் தேர்தல் நடந்தபோது வாக்களித்தவர்கள் வரி செலுத்திய ஒரு சிறு வட்டத்தினர். கூலிக்காரரும் படகோட்டியும் அதில் இல்லை. அந்தத் தேர்தல் முறையையும் 1913இல் ஆங்கிலேயர் நீக்கிவிட்டார்கள். போருக்குப் பிறகு 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952இல் கோலாலம்பூரிலும், அதே ஆண்டில் ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட் முதலிய நகரங்களிலும் மீண்டும் வாக்குப்பெட்டி வந்தது. சுதந்திரத்துக்கு முன் நம் மக்கள் பழகிய முதல் தேர்தல் உள்ளாட்சித் தேர்தல்தான். 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரான போது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன் என்ற தமிழர்.

1965 மார்ச்சு முதல் நாள் எல்லாம் நின்றது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டிப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்திவைத்தார். அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று நாடாளுமன்றத்தில் வாக்குறுதியும் அளித்தார். 1966 ஆகஸ்டில் மோதல் ஓய்ந்தது. தேர்தல் திரும்பவில்லை. இடையில் உள்ளாட்சியை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் செனட்டர் ஆதி நாகப்பன். மேலே சொன்ன இராமநாதனும் அதில் ஓர் உறுப்பினர். நாடு முழுக்கச் சாட்சியம் கேட்ட அந்த ஆணையம், தேர்தல் மூலம் அமையும் உள்ளாட்சியே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு மாநிலம் 2012இல் சொந்தச் சட்டம் இயற்றி மீட்கப் பார்த்தது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.  

இரண்டாம் வீட்டுக்காரரின் வாக்கைப் பற்றிய பேச்சை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். அவர் தரப்பு வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் பார்ப்போம். ஜொகூரில் அதற்குக் கூடுதல் வலு சேர்க்கும் ஓர் உள்ளூர்க் காரணம் இருக்கிறது.

தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் மதிப்பீட்டு வரி, வீடு ஓராண்டில் ஈட்டக்கூடிய வாடகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜொகூர் மட்டும் வீட்டின் முழுச் சந்தை மதிப்பை அடிப்படையாக எடுக்கிறது. சட்டம் இரண்டுக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காடு, முழு மதிப்பில் 5 விழுக்காடு. நடைமுறையில் மன்றங்கள் வாங்குவது இதைவிட மிகக் குறைவு என்றாலும் இந்த வேறுபாடு முக்கியமானது. வாடகைக்கு ஆள் கிடைக்காத வீடானாலும் விலை ஏறியிருந்தால், புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது வரியும் ஏறும். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் வடக்கையும் இணைக்கும் விரைவு ரயில் பாதை, 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலம் போன்றவை நிலத்தின் விலையை உயர்த்தும் காரியங்கள். அந்த உயர்வின் சுமையில் ஒரு பகுதியைச் சுமக்கும் வீட்டுக்காரர், சுமத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்பது பேராசையாகாது.

அவர் பக்கம் இன்னொரு நல்ல வாதமும் உண்டு. ஊரில் வாழ்பவர் நாளைக்கே வேறு ஊருக்குப் போகலாம். வீடு வைத்திருப்பவரின் முதல் அந்த மண்ணில் கட்டுண்டு கிடக்கிறது. வெள்ள வடிகால், சாலை, நில அமைப்புத் திட்டம் போன்ற இருபது, முப்பது ஆண்டுக் காரியங்களில் அவருடைய கண்ணோட்டம் நீண்டது. பிள்ளைகளின் படிப்புக்காகவும் வேலைக்காகவும் சிகாமட்டையும் லாபிஸையும் விட்டுப் போன நம் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஊரில் இருக்கும் பழைய வீடுதான் ஊரோடு மிஞ்சியிருக்கும் ஒரே கயிறு. கோயில் திருவிழாவுக்கு வந்து தங்கும் அந்த வீட்டை வெறும் முதலீடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளிநாடுகளில் இந்த வாதம் வென்ற இடங்களும் இருக்கின்றன. நியூசிலாந்தில், ஓர் ஊரில் வரி கட்டும் சொத்து வைத்திருந்து வேறு ஊரில் வாழ்பவர், தாம் வாழும் ஊரிலும் சொத்து இருக்கும் ஊரிலும் உள்ளாட்சி வாக்கு அளிக்கலாம். ஆனால் அவர் அந்நாட்டு வாக்காளர் பட்டியலில் எங்கேனும் இடம்பெற்றிருக்க வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் வெளியூர்ச் சொத்துக்காரருக்கு வாக்கு உண்டு. அங்கேயும் குடியுரிமை கட்டாயம். ஒரு சொத்துக்குப் பலர் உரிமையாளரானால் அவர்களில் ஒருவர் மட்டுமே வாக்காளராகப் பதியலாம்; நிறுவனங்களுக்கு இடமில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் மவுண்டன் வில்லேஜ் என்ற பனிச்சறுக்கு ஊரில் வரியின் பெரும்பகுதியைக் கட்டியவர்கள் வெளியூர் வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு வாக்குரிமை அளித்த ஊர்ச் சாசனத்தை உள்ளூர்வாசிகள் எதிர்த்தபோது, 1997இல் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் சாசனத்தின் பக்கம் நின்றது.

இந்த ஊர்களில் வானம் இடிந்து விழவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நியூசிலாந்தில் இப்படிப் பதிவு செய்துகொள்வோர் சொற்பம். வரி கட்டும்போது எழும் கோபம் வாக்காளராகப் பதிவு செய்யும் முயற்சியாக மாறுவது அரிது.

ஆனால் அதே உரிமை கட்டுத் தளர்ந்தால் எங்கே போகும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் நூவார்க் என்ற ஊரில் 2018இல் ஒரு பொது வாக்கெடுப்பு நடந்தது. சொத்து வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் வாக்கு உண்டென்ற விதியால், பல நிறுவனங்களின் சார்பில் ஒரே மேலாளர் 31 வாக்குகளைப் போட்டார். பிறகு அந்த விதி மாற்றப்பட்டது. சிட்னி மாநகரில் 2014இல் வணிக நிறுவனங்களுக்குத் தலா இரண்டு வாக்கு தரப்பட்டது. 2023இல் அது நீக்கப்பட்டது. எல்லாவற்றிலும் கசப்பான பாடம் வட அயர்லாந்தினுடையது. அங்கே உள்ளாட்சி வாக்கு 1960களின் இறுதி வரை வீட்டோடும் சொத்தோடும் கட்டப்பட்டிருந்தது. நிறுவனங்களுக்கு ஆறு வாக்கு வரை இருந்தது. பெற்றோர் வீட்டில் வாழ்ந்த வளர்ந்த பிள்ளைக்கும் அறை வாடகைக்கு இருந்தவருக்கும் ஒன்றுமில்லை. சொத்து எந்தச் சமூகத்திடம் மிகுந்திருந்ததோ அந்தச் சமூகத்திடம் மன்றமும் இருந்தது. பெரும்பான்மையர் கத்தோலிக்கராக இருந்த டெர்ரி நகரை, தொகுதி எல்லைகளை வளைத்தும் இந்த வாக்கு முறையைக் கொண்டும் சிறுபான்மைத் தரப்பு ஆண்டது. 1968இல் தெருவில் இறங்கிய குடிமை உரிமை இயக்கத்தின் முதல் முழக்கம் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு என்பதே. பல இனங்கள் சேர்ந்து வாழும் ஒரு நாட்டில் இருந்து பார்க்கும்போது, எனக்கு டெர்ரியின் கதை கொலராடோவின் கதையைவிட மிக நெருக்கமாகத் தெரிகிறது.

வெளிநாடு இருக்கட்டும். சொத்துரிமையை அடிப்படையாகக் கொண்ட வாக்கு ஜொகூரிலேயே இன்று நடந்துகொண்டிருக்கிறது. அதை உள்ளாட்சியோடு சேர்த்து நாம் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி மேலாண்மைச் சட்டம் 2015இல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு கொண்டோவும் அடுக்குமாடியும் ஒரு சிறு குடியரசு. வீட்டுக்காரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கூடி நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பராமரிப்புக் கட்டணத்தை முடிவு செய்கிறார்கள், உள்விதிகளை இயற்றுகிறார்கள். வீட்டுக்காரர் அங்கே குடியிருக்கிறாரா என்பது பொருட்டில்லை. தெப்ராவில் இருந்தாலும் தோ பாயோவில் இருந்தாலும், மலேசியரானாலும் அயல்நாட்டவரானாலும் வாக்கு உண்டு. வாடகைக்குக் குடியிருப்பவருக்கு இல்லை. இரண்டாம் வீட்டுக்காரருக்கு வாக்கு தந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, பத்து ஆண்டுகளாக நடக்கும் இந்தச் சோதனையைவிட நல்ல இடமில்லை.

சில நன்மைகள் கண்கூடு. கட்டணப் பாக்கி வைத்திருப்பவர் வாக்களிக்க முடியாது என்ற விதி, கட்டணத்தை வசூலிக்கக் கைகொடுக்கிறது. வர இயலாதவர் பதிலாளை அனுப்பலாம். ஒருவர் ஒரே ஒரு வீட்டுக்காரருக்குத்தான் பதிலாளாக இருக்கலாம் என்பதால் ஒருவரே கட்டுக்கட்டாக வாக்குகளைக் குவிக்கவும் முடியாது. காசு போட்டவர்களே கணக்குக் கேட்பதால், நல்ல குழு அமைந்த அடுக்குமாடிகள் நன்றாகவே நடக்கின்றன.

குறைகள் ஆழமானவை. கூட்டத்துக்குத் தேவையான எண்ணிக்கை அரைமணி நேரத்தில் சேராவிட்டால் வந்திருப்பவர்களை வைத்தே நடத்தலாம் என்று சட்டம் சொல்கிறது. இப்படி ஒரு விதி இல்லாமல் முடியாது என்பதே நிலைமையைக் காட்டுகிறது. முதலீட்டுக்காக வாங்கியவர்கள் மிகுந்த கட்டடங்களில் உரிமை பலரிடம் இருக்கிறது; வருகை சிலரிடம் இருக்கிறது. கைதூக்கி எண்ணும்போது ஆளுக்கு ஒரு வாக்கு. எண்ணிக்கை வாக்கெடுப்பு கோரினால் பங்கு அலகுக்கு ஏற்ப வாக்கு. பெரிய வீட்டுக்குப் பெரிய குரல். விற்காமல் கிடக்கும் வீடுகளுக்கு மேம்பாட்டாளரே உரிமையாளர் என்பதால், அவருக்கும் அந்த அளவு குரல் உண்டு. விற்பனையாகாத வீடுகள் மிகுந்த மாநிலங்களின் வரிசையில் ஜொகூர் பல ஆண்டுகள் முன்னணியில் நின்றது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், வாழ்பவரின் தேவையும் வைத்திருப்பவரின் தேவையும் ஒன்றாக இருப்பதில்லை. பதினெட்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் தாய்க்கு மின்தூக்கி இன்றே ஓட வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரருக்குக் கட்டணம் ஏறக்கூடாது. இருவரில் கையைத் தூக்கும் உரிமை இரண்டாமவருக்கே. இந்த மோதல் நீதிமன்றம் வரை போன வழக்கு கோலாலம்பூர் மோன் கியாராவின் வெர்வ் சூட்ஸ் குடியிருப்பினுடையது. சில வீட்டுக்காரர்கள் தங்கள் வீடுகளை நாள் வாடகைக்கு விட்டார்கள். தெரியாத முகங்கள் நாள்தோறும் வந்து போவதை மற்றவர்கள் எதிர்த்து, உள்விதி இயற்றித் தடை செய்தார்கள். 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தடை செல்லும் என்றது. அங்கே அமைதியை விரும்பியவர்கள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தார்கள், அதனால் வென்றார்கள். நாள் வாடகைக்கு விடுபவர்கள் மிகுந்திருக்கும் கட்டடத்தில் இதே விதி வாழ்பவரைக் கைவிட்டுவிடும். ஒரு கட்டடத்துக்குள் இது தாங்கக்கூடிய குறை, ஏனெனில் குடியிருப்பவர் வேறு கட்டடம் தேடலாம். ஒரு மாநகரத்துக்கே இந்த விதியை நீட்டினால் அவர் எங்கே போவார்?

கேலாங் பாத்தாவை ஒட்டிக் கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 7 லட்சம் பேர் வாழும் நகரம் என்று திட்டமிட்டார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் சீனப் பெருநிலத்தைச் சேர்ந்தவர்கள். வாழ வந்தவர்கள் மிகச் சிலர். 2018 ஆகஸ்டில் பிரதமர் மகாதீர், அயல்நாட்டார் அங்கே குடியிருக்க விசா இல்லை என்று அறிவித்தபோது நாடே அதை விவாதித்தது. அது இஸ்கண்டார் புத்திரி மாநகர் மன்ற எல்லைக்குள் வரும் இடம். சொத்துக்கு வாக்கு என்று விதி இருந்தால், விளக்கு எரியாத கோபுரங்களின் சன்னல்கள் அக்கரையில் வலை வீசி வாழும் மீனவக் கிராமத்தின் தலைவிதியை எழுதும். அயல்நாட்டவருக்கு வாக்கில்லை என்று குடியுரிமைக் கோட்டைப் போட்டால் இந்த ஆபத்து குறையும், உண்மைதான். ஆனால் கோட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு அப்படியே நிற்கும்.

அந்த ஏற்றத்தாழ்வில்தான் நம் கதை இருக்கிறது. ஜொகூரின் தமிழர் வரலாறு, வாழ்ந்தும் உரிமையில்லாதவர்களின் வரலாறு. கூலாயிலும் ஸ்கூடாயிலும் தெப்ராவிலும் உலு திராமிலும் மூன்று தலைமுறை பால்மரம் வெட்டியவர்கள் குடியிருந்த லயத்தில் ஒரு செங்கல்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை. தோட்டம் தனியார் சொத்து. சாலையும் தண்ணீரும் நிர்வாகத்தின் மனம் போல. தோட்டம் விற்கப்பட்டுத் தாமானானபோது, அந்த மண்ணில் வியர்வை சிந்தியவர் வெளியேறினார். வரைபடத்தைப் பார்த்து வாங்கியவர் உரிமையாளரானார். இன்று உணவகங்களும் கடைவீடுகளும் நெரிசலிடும் மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். வாக்கைச் சொத்தோடு கட்டினால், அந்த மண்ணின் மூன்று தலைமுறை உழைப்பு எதற்கும் எண்ணப்படாது. ஒரு கையெழுத்து எல்லாவற்றுக்கும் எண்ணப்படும்.

இலங்கை மலையகம் இதையே வேறு கோணத்தில் காட்டியது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் இல்லாமல் தோட்டக் குடியிருப்புகளில் சபை செலவிட முடியாதபடி கட்டிப்போட்டது. தொழிலாளி வாக்களித்தார், அவருடைய பிரதிநிதி சபையில் அமர்ந்தார், ஆனால் லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிட நிலத்தை வைத்திருப்பவரின் தயவு வேண்டியிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. வாக்கு கையில் இருக்கும்போதே சொத்து அதை முடக்க முடியுமென்றால், வாக்கே சொத்துக்குப் போனால் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

வரி கட்டுகிறேன், ஆகவே வாக்கு வேண்டும் என்ற வாதத்தில் அடிப்படையான ஓட்டை ஒன்றும் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் வரிச் சீட்டைக் கையில் வாங்குவதில்லை. ஆனால் வீட்டுக்காரர் வாடகையை நிர்ணயிக்கும்போது வரியையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுகிறார். சீட்டில் பெயர் ஒருவருடையது, சுமை இன்னொருவருடையது. ஜொகூரின் மதிப்பீட்டு முறையால் இன்னொரு விளைவும் உண்டு. வெளியூர்ப் பணம் வந்து வீட்டு விலையைத் தூக்கும்போது, பக்கத்துத் தெருவில் ஓய்வூதியத்தில் வாழும் முதியவரின் ஒற்றை மாடி வீட்டின் மதிப்பும் காகிதத்தில் ஏறுகிறது. அடுத்த மதிப்பீட்டில் அவர் வரியும் ஏறும். விற்கப்போகாத அவருக்கு அந்த ஏற்றத்தால் ஒரு காசு லாபமில்லை. இரண்டாம் வீட்டுக்காரர் தாம் கட்டும் வரியைப் பேசுகிறார். தம்மால் மற்றவர் கட்ட நேரும் வரியையும் பேச வேண்டும். ஜொகூர் பாலத்தின் மறுகரையில் இதைச் சிங்கப்பூர் அரசு எப்போதோ கணக்கில் எடுத்துவிட்டது. சொந்தக்காரர் குடியிருக்காத வீட்டுக்கு அங்கே சொத்து வரி 12 விழுக்காட்டில் தொடங்கி 36 வரை. குடியிருக்கும் வீட்டுக்குப் பூஜ்யத்தில் தொடங்குகிறது. வேல்ஸ் நாட்டில் 2023 முதல் இரண்டாம் வீடுகளுக்கு 300 விழுக்காடு வரை கூடுதல் வரி விதிக்க மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. அங்கெல்லாம் இரண்டாம் வீடு கூடுதல் பொறுப்பாகக் கருதப்படுகிறது. கூடுதல் வாக்காகக் கருதப்படவில்லை.

மலேசியச் சூழலில் சொத்து வாக்கை மறுக்க மேலும் ஒரு கூர்மையான காரணம் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் மீண்டும் வரக்கூடாது என்று வாதிடுவோர் சொல்லும் முதல் அச்சம், நகரங்கள் ஓர் இனத்தின் கைக்குப் போய்விடும் என்பது. தொகுதிகளை நேர்மையாக வகுத்து, வாழ்பவர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தால் அந்த அச்சத்துக்குப் பதில் சொல்லலாம். சொத்துக்கு வாக்கு என்றால் பதிலே இல்லை. ஏனெனில் சொத்து இனங்களுக்கிடையே சமமாகப் பரவியிருக்கவில்லை. நூற்றுக்கு ஏழுக்குள் இருக்கும் இந்தியர்களில், குறைந்த விலை அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவரே ஏராளம். சொத்து வாக்கு அவர்களை இன்னும் சிறுபான்மையாக்கும். உள்ளாட்சித் தேர்தலைக் கேட்கும் நாம், அதன் எதிரிகளுக்கு ஆயுதம் செய்து கொடுக்கக்கூடாது.

அப்படியானால் குளுவாங் வீட்டைக் காக்கும் மகனுக்கு என்ன பதில்? அவருடைய பாசம் உண்மையானது, அதற்கும் ஒரு வழி வேண்டும். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் அந்த வழி ஒரு வகையில் இருந்தே வருகிறது. நம்மில் பலர் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும் அடையாள அட்டையில் ஊர் முகவரியை மாற்றாமல் வைத்திருக்கிறோம். தேர்தலன்று பேருந்து ஏறி ஊருக்குப் போகிறோம். 2021 டிசம்பரில் தானியங்கி வாக்காளர் பதிவு வந்த பிறகு, அட்டையில் உள்ள முகவரியே தொகுதியைத் தீர்மானிக்கிறது. 2022 மார்ச்சில் நடந்த ஜொகூர் சட்டமன்றத் தேர்தலில் சிங்கப்பூரில் வாழும் மலேசியருக்கு அஞ்சல் வாக்கும் கிடைத்தது. இதில் ஒரு நல்ல நெறி ஒளிந்திருக்கிறது: எத்தனை வீடு இருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஊர், ஒரே வாக்கு. உள்ளாட்சிக்கும் இதையே விதியாக்கலாம். ஆனால் இடம் மாறினால் முகவரியை மாற்ற வேண்டும் என்ற விதியைக் கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டும். குப்பை, கால்வாய், தெருவிளக்கு, அங்காடி உரிமம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் மன்றத்தை அந்தத் தெருவில் நடப்பவர் தேர்ந்தெடுக்கட்டும். நியூசிலாந்து போல ஒரே மனிதருக்கு இரண்டு ஊர்களில் வாக்கு என்பதை நான் ஏற்கவில்லை; இரண்டு வீடு வாங்க முடிந்தவருக்கு இரண்டு குரல், ஒரு வீடும் வாங்க முடியாதவருக்கு ஒன்று என்பது எந்த நியாயத்திலும் சேராது.

வாக்கு தராததால் வாய் அடைக்க வேண்டும் என்பதில்லை. மதிப்பீட்டுப் பட்டியலுக்கு மறுப்புத் தெரிவிக்கவும், மன்றத்தின் முடிவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்துக்கு முறையிடவும் எல்லா உரிமையாளருக்கும் சட்டம் ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. அவர் எங்கே வாழ்ந்தாலும் அந்த வழி திறந்திருக்கிறது. ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை முடிவு செய்யும் முன் வெளியூர் உரிமையாளரின் கருத்தைக் கேட்டு, அதற்கு எழுத்தில் பதில் தரும் கடமையை மன்றத்துக்கு விதிக்கலாம். வரி உயர்வுக்கும் நில அமைப்பு மாற்றத்துக்கும் இது போதுமான காப்பு. கேட்கப்படும் உரிமை எல்லாருக்கும், தேர்ந்தெடுக்கும் உரிமை வாழ்பவருக்கு என்று நான் கோடு போடுவேன்.

இன்றைய சட்டத்தில் இந்தக் கோடு தலைகீழாகக் கிடக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, நியமிக்கப்படும் மன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையர் அந்த எல்லைக்குள் வாழ்பவராக இருக்க வேண்டும் என்கிறது. எஞ்சியவர்கள் வெளியூராராகவும் இருக்கலாம். ஆக, வெளியூர்க்காரர் மன்றத்தில் உட்காரச் சட்டம் இடம் தருகிறது. உள்ளூர்க்காரர் அவரைத் தேர்ந்தெடுக்க இடம் தரவில்லை. இரண்டாம் வீட்டுக்காரரின் குறை பெரிதா, இந்தக் குறை பெரிதா என்று கேட்டால் எனக்கு ஐயமே இல்லை.

ஆகவே ஜொகூரில் வீடு வைத்துக்கொண்டு வேறெங்கோ வாழும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வரிச் சீட்டைக் காட்டி உங்களுக்கென்று தனி வாக்கு கேட்காதீர்கள். அதே சீட்டைக் காட்டி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வாழ்பவருக்கு உள்ளாட்சி வாக்கைத் திருப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். மன்றத்தின் முழுக்கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் பொதுவிதி. ஊருக்கு வரும்போது ஒருமுறை போய் உட்காருங்கள். நிரந்தரமாக வேறு ஊரில் வாழ்கிறீர்கள் என்றால், அடையாள அட்டையில் முகவரியை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் வாழும் ஊருக்கும் உங்கள் குரல் தேவை. 15ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.